கல்லில் அரைத்த கறுப்பு சொன்னபடி கேட்காதபோது

விளக்குக்கரியில் கறுப்பு எடுப்பது எளிது. அகலை ஏற்றி, மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டிப் பிசினில் குழைத்தால் வேலை முடிந்தது. கல்லிலிருந்து எடுப்பது வேறு கதை. எட்டு ஆண்டுகளாகக் கல் அரைக்கிறேன். படத்தில் ஏறிய தூளைவிடச் சாக்கடையில் போன தூள்தான் அதிகம்.

அந்த நட்டக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரு கல்லுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை இன்னொரு கல்லுக்குச் செய்ததால்தான் பெரும்பாலான கோளாறுகள் வந்தன. கிராஃபைட் தண்ணீரில் மிதப்பது அதன் இயல்பு. காந்தக்கல் மிதந்தால் அது காந்தக்கல்லே அல்ல. இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடினால் கிடைக்காது. எனவே அறிகுறிகளைப் பார்ப்பதற்கு முன் கல்லை அடையாளம் காணுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும்.

முதலில்: கையில் இருப்பது எந்தக் கல்?

ஓவியத்துக்குப் பயன்படும் கறுப்புக் கற்கள் பெரும்பாலும் நான்கு. ஒன்று காந்தக்கல், அதாவது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. இரண்டாவது மாங்கனீசுக் கல், அதிலும் பைரோலூசைட். மூன்றாவது கிராஃபைட், பென்சிலுக்குள் இருப்பது. நான்காவது கரிச்சத்து கலந்த மென்மையான களிப்பாறை. மைக்கேலாஞ்சலோ காலத்து இத்தாலிய ஓவியர்கள் கறுப்பு வரைகோலாகப் பிடித்தது இதைத்தான்.

பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும். கல்லை அதில் உரசுங்கள். காந்தக்கல்லும் மாங்கனீசும் கறுப்புக் கீற்று விடும். கிராஃபைட் பென்சில் கோடு போல மினுங்கும் சாம்பல் கீற்று விடும். செங்காவிக் கீற்று விழுந்தால் அது ஹெமடைட் என்ற இன்னோர் இரும்பு ஆக்சைடு. வெளியே எவ்வளவு கறுத்து மின்னினாலும் உள்ளே அது சிவப்புதான்.

அடுத்தது காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது போதும். காந்தக்கல் தயங்காமல் ஒட்டும், மற்றவை ஒட்டா. காந்தம் இழுக்கவில்லை, கீற்று கறுப்பு, தொட்டால் விரலில் கரி போலப் பற்றுகிறது என்றால் மாங்கனீசாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஒரு சிட்டிகைத் தூளில் நாலு சொட்டு விடுங்கள். மாங்கனீசு டை ஆக்சைடு இருந்தால் சீறிப் பொங்கும், தொட்டால் சூடும் தெரியும். மற்ற மூன்றும் அப்படிப் பொங்குவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கல்லைச் சோதிக்கிறேன் என்று கழிப்பறை கழுவும் அமிலத்தை மாங்கனீசுத் தூளில் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். 1774இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே குளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பைரோலூசைட்டையும் அந்த அமிலத்தையும் சேர்த்துத்தான். அவர் கண்டுபிடித்தது போதும். நம் சமையலறையில் இன்னொரு முறை வேண்டாம்.

கறுப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. பிரான்சில் 1940இல் கண்டெடுக்கப்பட்ட லாஸ்கோ குகையில் மாடுகளும் குதிரைகளும் கறுப்பில் நிற்கின்றன. அந்தக் கறுப்பு மாங்கனீசுக் கல். 1994இல் தெரியவந்த ஷோவே குகையின் கறுப்பு மரக்கரி. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ஆனால் மரக்கரியில் உயிர்ப்பொருளின் கார்பன் இருப்பதால் ஷோவே ஓவியங்களின் வயதை அந்தக் கரியைக் கொண்டே அளக்க முடிந்தது. லாஸ்கோவின் மாங்கனீசில் அந்த வழி அடைபட்டுப் போனது.

அறிகுறி: கல் கறுப்பு, தூள் பழுப்பு அல்லது சிவப்பு

மூன்று காரணங்கள். முதலாவது மேலே சொன்னது, அதாவது ஹெமடைட். இதற்கு மருந்து இல்லை. நல்ல செங்காவி கிடைத்தது என்று டப்பாவை மாற்றி வையுங்கள்.

இரண்டாவது, பாதி மாறிய காந்தக்கல். வெயிலும் மழையும் பட்டுக் கிடந்த கல்லின் மேல்தோல் ஹெமடைட்டாகவோ மஞ்சள் காவியாகவோ மாறியிருக்கும். உடைத்துப் பாருங்கள். உள்ளே எஃகு நிறத்தில் புதிய முகம் தெரிந்தால், தோலைத் தட்டி நீக்கி உள்பகுதியை மட்டும் அரைக்கலாம். அரைத்த தூளைத் தண்ணீரில் கலக்கிக் காந்தத்தால் பிரித்தால் சிவப்பு தண்ணீரோடு போய்விடும்.

மூன்றாவது, நாமே செய்யும் தவறு. ஈரத் தூளைச் சீக்கிரம் காயவைக்க இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வைப்பது. காந்தக்கல் காற்றுப்பட நன்றாகச் சூடானால் ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சிவக்கத் தொடங்கும். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் சிவக்கும். நிழலில் காயவிடுங்கள், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

பண்டைய ஆத்தென்சு நகரத்துக் குயவர்கள் இதே வேதியலைத் தலைகீழாக ஓட்டினார்கள். இரும்புச்சத்துள்ள நைசான களிக்குழம்பைப் பூசிச் சூளையில் வைத்து, நடுவில் காற்றை அடைத்துப் புகையவிட்டார்கள். செம்மண் கறுத்துக் காந்தக்கல் ஆனது. பிறகு மறுபடி காற்றைத் திறந்தபோது பானையின் பூசாத உடம்பு சிவந்தது. பூசிய இடமோ அதற்குள் கண்ணாடி போல இறுகி, காற்று புகாதபடி கறுப்பை உள்ளே பூட்டிக்கொண்டது. அடுப்பில் நம் தூளுக்கு அந்தப் பூட்டு இல்லை.

அறிகுறி: எவ்வளவு அரைத்தாலும் சாம்பல்தான்

சேலம் கஞ்சமலைப் பக்கத்துக் காந்தக்கல்லை எடுத்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. அந்தப் பாறை பட்டை பட்டையாக இருக்கும்; ஒரு பட்டை காந்தக்கல், அடுத்த பட்டை வெள்ளைக் குவார்ட்ஸ். அப்படியே இடித்தால் வெள்ளைத்தூள் கலந்த கறுப்பு, வேறு வார்த்தையில் சாம்பல்.

தீர்வைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றிருக்கிறோம். ஆற்று மணலில் காந்தத்தை இழுத்து, முனையில் மீசை போல ஒட்டும் கருந்தூளைத் தாளில் சேர்த்து விளையாடியவர்கள் நம்மில் பலர். அந்தக் கருந்தூள் பெரும்பாலும் காந்தக்கல். அதே வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பாறையை ரவைப் பதத்துக்கு மட்டும் இடியுங்கள், மாவாக்க வேண்டாம். ஓர் அகலமான தட்டில் தண்ணீர் விட்டுத் தூளைப் பரப்புங்கள். காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அதன்மேல் ஓட்டுங்கள். ஒட்டியதை இன்னொரு பாத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பையை உருவினால் தூள் விழுந்துவிடும். பை இல்லாமல் காந்தத்தை நேரே விட்டால், அதைச் சுத்தப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நான் போக்கியிருக்கிறேன்.

ஒருமுறை பிரித்தது போதாது. ரவையில் கறுப்பும் வெள்ளையும் ஒட்டிக்கொண்ட துணுக்குகள் நிறைய இருக்கும். அவற்றையும் காந்தம் இழுத்துவரும். பிரித்ததை இன்னும் நைசாக இடித்து மீண்டும் பிரியுங்கள். மூன்றாம் சுற்றில் கறுப்பு தெளியும்.

கல் கிராஃபைட் என்றால் இந்த உழைப்பு வீண். கிராஃபைட் சாம்பல்தான். பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கறுப்பதில்லை, பளபளக்கத்தான் செய்கிறது. ஆழ்ந்த கறுப்பு வேண்டுமானால் வேறு கல்லைப் பாருங்கள்.

கடற்கரைக் கருமணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் கறுப்பாக இருக்கிறது என்பதால் அள்ளி அரைக்கும் ஆசை வரும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம். அதோடு மோனசைட்டும் கலந்திருக்கும். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதை வீட்டில் அரைத்து மூச்சில் இழுக்கும் அளவுக்கு எந்தப் படமும் முக்கியமல்ல. கரையில் கிடப்பது கரையிலேயே கிடக்கட்டும்.

அறிகுறி: தூள் தண்ணீரில் சேராமல் மிதக்கிறது

கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. அதன் செதில்கள் மேலே மினுங்கும் ஆடையாகப் படர்ந்து நிற்கும். குச்சியால் கிளறினால் குச்சியில் ஏறிக்கொள்ளும். பிசின் கரைசலை ஊற்றினால் உள்ளே காய்ந்த தூளும் வெளியே ஈரமுமாக உருண்டை கட்டும்.

இந்தத் தொல்லையையே தொழிலாக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். சிவகங்கைப் பகுதிப் பாறையில் கிராஃபைட் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட கனிமத்தை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் காற்றைச் செலுத்தி நுரைக்கவிடுவார்கள். தண்ணீர் பிடிக்காத கிராஃபைட் குமிழிகளில் ஒட்டி மேலே வரும். மண்ணும் மணலும் அடியில் தங்கும். நுரையை வழித்தால் கிராஃபைட். இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை இடுக்குகளில் நரம்பாக ஓடும் கிராஃபைட் மிகத் தூய்மையானது. அங்கிருந்து வந்த துண்டு உங்களிடம் இருந்தால் பிரிக்கும் வேலை மிச்சம். ஆனால் மிதக்கும் தொல்லை அதற்கும் உண்டு, தூய்மை கூடக் கூட அதிகமாகவே உண்டு.

வைத்தியம் எளிது. தண்ணீருக்கு முன்னால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சில சொட்டு விட்டுத் தூளைச் சேறு போல நனையுங்கள். ஸ்பிரிட் செதில்களுக்கு இடையே தயங்காமல் புகும். பிறகு பிசின் கரைசலைத் துளித் துளியாகச் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் குழவியால் தேயுங்கள். ஸ்பிரிட் ஆவியாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊற்றும் குறுக்குவழியும் உண்டு, ஆனால் அளவு கொஞ்சம் மீறினால் வண்ணம் தூரிகையில் நுரைக்கும், காய்ந்த படத்தில் குமிழி வட்டங்கள் தெரியும். ஸ்பிரிட் வைத்திருக்கும் அறையில் அடுப்பும் ஊதுபத்தியும் கூடாது.

மிதப்பது கிராஃபைட் இல்லை, கல்தூள் என்று சொல்லி விற்கப்பட்டது என்றால் அதில் விளக்குக்கரி கலந்திருக்கிறது. ஒரு கடையில் மலைக்கல் பொடி என்று கொடுத்த பொட்டலம் எனக்கு அப்படித்தான் மிதந்தது. காந்தம் அசையவில்லை, பெராக்சைடு பொங்கவில்லை. சிட்டிகைத் தூளைக் கரண்டி நுனியில் வைத்து அடுப்பு நெருப்பில் காட்டியபோது கங்காகி எரிந்து சாம்பலானது. மேக்னடைட் எரிந்து போகாது.

அறிகுறி: வண்ணம் அடியில் படிந்து கல்லாகிறது, அல்லது திரள் திரளாகக் கட்டுகிறது

காந்தக்கல்லும் பைரோலூசைட்டும் தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கனம். படிவது இயற்கை; கேள்வி எவ்வளவு வேகமாக என்பதுதான். துகளின் பருமன் பாதியானால் படியும் நேரம் நான்கு மடங்காகும். ஆகவே முதல் வைத்தியம் மறுபடி அரைப்பது.

சித்த மருந்து செய்பவர்களிடமிருந்து இரண்டு பழக்கங்களைக் கடன் வாங்கலாம்: கல்வத்தில், அதாவது மருந்து அரைக்கும் குழிக்கல்லில், ஈரமாக நெடுநேரம் அரைப்பதும், வஸ்திரகாயம் செய்வதும், அதாவது துணியில் சலிப்பதும். ஆனால் துணியின் கண் நமக்கு வேண்டிய நைசுக்குப் பெரியது. துணியில் சலித்த பிறகு தண்ணீரில் பிரிக்க வேண்டும். உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் தூளைக் கலக்கி, சற்று விட்டு, மேலே கலங்கி நிற்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிடுங்கள். அடியில் தங்கிய பரல் மறுபடி கல்வத்துக்குப் போகும். எவ்வளவு நேரம் விடுவது என்பது கல்லைப் பொறுத்தது. 10 செ.மீ. ஆழத் தண்ணீரில் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள காந்தக்கல் துகள் 100 வினாடி அளவில் அடி சேர்ந்துவிடும். அதே பருமனுள்ள குவார்ட்ஸ் துகளுக்கு 4 நிமிடம் பிடிக்கும். இந்த வித்தியாசத்தை மறந்து எல்லாக் கல்லுக்கும் ஒரே நேரம் காத்திருப்பவர்கள் காந்தக்கல்லில் நைசுத் தூளையும் கீழே விட்டுவிடுவார்கள். களிப்பாறையில் பரலையும் சேர்த்துச் சாய்ப்பார்கள்.

சாய்த்த கலங்கலை இரவு முழுக்க விட்டால் தெளியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அடியிலுள்ள வண்டலை நிழலில் உலர்த்துங்கள். அதுதான் நிறமி.

நைசாக அரைத்த பிறகும் காந்தக்கல் திரள் கட்டினால் காரணம் காந்தம். பிரித்தெடுக்கும்போது காட்டிய காந்தம் ஒவ்வொரு துகளையும் குட்டிக் காந்தமாக்கிவிட்டிருக்கும். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகும். கிளறினால் பிரியும், நிறுத்தினால் சேரும். வீட்டில் இதை முழுக்கப் போக்க எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை. வராமல் தடுக்கலாம்: காந்த வேலையை ரவைப் பதத்திலேயே முடித்துவிட்டு, மாவுப் பதத்துக்கு வந்த பிறகு காந்தத்தை அந்த அறைக்கே கொண்டுவராதீர்கள். திரண்டுவிட்டதை நீர்வண்ணமாக்காமல் கெட்டியான முட்டைக்கரு வண்ணத்தில் பயன்படுத்துங்கள். அங்கே துகள் ஓட இடமில்லை.

ஒன்றைக் குறையாக எண்ண வேண்டாம். ஈரத் தாளில் காந்தக்கல் கறுப்பு பரவும்போது துகள்கள் தாளின் குழிகளில் தங்கி மணல் மணலாகத் தெரியும். பாறையும் மழைமேகமும் வரைபவர்கள் இதற்காகவே இந்தக் கல்லைத் தேடுகிறார்கள்.

அறிகுறி: இரண்டு நாளில் துருப் புள்ளிகள்

காந்தக்கல் துருப்பிடிக்காது. துரு தெரிந்தால் தூளில் உலோக இரும்பு கலந்திருக்கிறது. இரும்பு உரலில் இடித்திருப்பீர்கள். இல்லையென்றால் காந்தத்தால் சேர்த்த தூள் பட்டறைக்கோ சாலைக்கோ பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சம் தூளைப் போடுங்கள். உலோக இரும்புத் துணுக்குகள் சில நிமிடத்தில் செம்புப் பூச்சு ஏறிச் செந்நிறமாகும். காந்தக்கல் கறுப்பாகவே இருக்கும். செம்பு தெரிந்தால் அந்தத் தூளைப் படத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காந்தம் இரண்டையும் இழுக்கும், அதனால் பிரிக்க முடியாது. இனி கல் உரல் அல்லது பீங்கான் கல்வம். மயில்துத்தம் விஷம், சோதித்த கிண்ணம் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

அறிகுறி: காய்ந்த பிறகும் கையில் ஒட்டுகிறது, வெள்ளி போல மின்னுகிறது

ஒட்டினால் பிசின் போதவில்லை. வேலம்பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு என்று இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன். தூளும் இந்தக் கரைசலும் சம அளவில் தொடங்கிச் சோதனைப் பட்டை தீட்டுங்கள். காய்ந்ததும் விரலால் தேயுங்கள். கரி போல வந்தால் பிசினைக் கூட்டுங்கள். கண்ணாடி போல மினுக்கி வெடித்தால் குறையுங்கள். கிராஃபைட் மட்டும் எந்த அளவிலும் கொஞ்சம் ஒட்டும், ஏனென்றால் அதன் தகடுகளே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பூட்டுகளில் அதைத் தூவுவதும் அதனால்தான்.

மின்னுவதும் கிராஃபைட்டின் குணம். தூரிகையால் பலமுறை தேய்த்தாலோ காய்ந்த பின் துணியால் துடைத்தாலோ தகடுகள் படுத்துக்கொண்டு கண்ணாடியாகும். ஒரே வீச்சில் பூசிவிட்டு விட்டுவிடுங்கள். கொஞ்சம் விளக்குக்கரி சேர்த்தால் மினுக்கம் அடங்கும். கலக்கிறோம் என்று மனம் குறுகுறுக்க வேண்டாம். 1795இல் பிரான்சில் கொன்டே பென்சிலுக்காகக் கிராஃபைட்டைக் களிமண்ணோடு கலந்து சுட்டுக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து கலப்பில்லாத கிராஃபைட்டைக் கையில் பிடிப்பவர்கள் குறைவு.

இந்தக் கல்லுக்குப் பெயரிலேயே குழப்பம். பென்சிலைத் தமிழில் காரீயக்கோல் என்கிறோம். காரீயம் என்பது ஈயம். பென்சிலிலோ ஈயம் துளியும் இல்லை. ஐரோப்பாவிலும் இதைக் கறுப்பு ஈயம் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். 1779இல் அதே ஷீலேதான் இது கார்பனின் வடிவம் என்று காட்டினார்.

அறிகுறி: எண்ணெயில் சுருங்குகிறது, அல்லது வாரக்கணக்கில் காயவில்லை

ஆளிவிதை எண்ணெயில் மாங்கனீசுக் கல் தடித்துப் பூசினால் மேல்தோல் விரைவில் இறுகி உள்ளே ஈரம் இருக்கும். பாலாடை போலச் சுருங்கும். மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும் பொருள். வண்ண ஆலைகளில் அதன் உப்புகளை இதற்காகவே சேர்ப்பார்கள். மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். கிராஃபைட்டும் கரியும் நேர் எதிர், மெதுவாகத்தான் காயும். ஆகவே கீழே கரி, மேலே மாங்கனீசு என்று அடுக்காதீர்கள். கீழ்ப்பூச்சு அசைந்துகொண்டிருக்கும்போது மேலே இறுகினால் வெடிக்கும்.

அறிகுறி: சுண்ணாம்புச் சுவரில் திட்டுத் திட்டாகிறது

ஈரச் சுண்ணாம்பில் காந்தக்கல்லும் மாங்கனீசும் நிலைத்து நிற்கும். காரம் அவற்றை ஒன்றும் செய்யாது. திட்டு விழுவது கிராஃபைட்டும் கரியும் போட்டால்தான். லேசான துகள் ஈரத்தோடு மேலே ஏறி ஓரிடத்தில் ஒதுங்கும். அவற்றை முன்பே சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்து ஊறவைத்துப் பயன்படுத்துங்கள்.

பழைய சுவரைப் பார்த்து நகல் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கறுப்பாகத் தெரிவது வரைந்தபோது கறுப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் பல உருவங்களின் முகமும் கையும் இன்று கருத்துக் கிடக்கின்றன. அங்கே பூசியது ஈயச் செந்தூரம். காலப்போக்கில் அது கறுத்துவிட்டது. கறுப்புக் கல்லைத் தேடி அலைவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

அறிகுறி: வெள்ளையோடு கலந்தால் எதிர்பார்த்த சாம்பல் வரவில்லை

இது கோளாறு அல்ல. காந்தக்கல்லும் மாங்கனீசும் வெள்ளையில் பழுப்புச் சாயலுள்ள சூடான சாம்பல் தரும். கிராஃபைட் குளிர்ந்த சாம்பல், விளக்குக்கரி நீலம் தட்டும் சாம்பல். மேகத்துக்கு வேண்டியதைத் தோலுக்குப் போட்டால் முகம் பிணம் போலாகும், அவ்வளவுதான்.

அறிகுறி: கடைத் தூள் தண்ணீரில் சாயம் இறக்குகிறது

கல் சாயம் விடாது. தூளை வடிதாளில் வைத்துத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் தனித்தனியே சொட்டிப் பாருங்கள். ஊதாவோ நீலமோ வட்டமாகப் பரவினால் சாயம் கலந்திருக்கிறது, வெயிலில் வெளுக்கும். தரைக்குப் போடும் கறுப்பு ஆக்சைடு பற்றிக் கேட்பவர்களுக்கு: அது செயற்கையாகச் செய்த இரும்பு ஆக்சைடு என்றால் காந்தம் இழுக்கும், படத்துக்குத் தாராளமாக ஆகும். வண்ண டப்பாவில் நிறமிக் குறியீடு பிக்மென்ட் பிளாக் 11 என்று இருந்தால் அதே பொருள். எண் 10 என்றால் கிராஃபைட், 14 என்றால் மாங்கனீசு. கரியும் கலந்து விற்கிறார்கள் என்பதால் மிதக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி படத்தில் அல்ல, அரைப்பவரிடம்

காய்ந்த மாங்கனீசுத் தூளை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுத்தவர்களுக்கு நடை தடுமாறும், முகம் உணர்ச்சியற்று இறுகும், குரல் மங்கும். 1837இல் ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர் மாங்கனீசுக் கல் அரைக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். வீட்டில் மாதம் ஒருமுறை அரைப்பவர் அந்த நிலைக்குப் போகமாட்டார். ஆனாலும் எந்தக் கல்லையும் காயவைத்து இடிக்கும்போது என்95 முகக்கவசம் வேண்டும். மற்றபடி ஈரமாகவே அரையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மிக்ஸியில் அரைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மிக்ஸியும் போகும், அடுத்து அரைக்கும் சட்னியும் போகும்.

அஞ்சனக்கல், சுருமாக்கல் என்ற பெயர்களில் விற்கும் கனத்த, வெள்ளிக் கறுப்புக் கல்லை நான் அரைப்பதில்லை. பெயரளவில் அது அஞ்சனம், அதாவது ஆண்டிமனி சல்பைடு. விற்பனையில் அந்தப் பெயரில் வருவது பல வேளைகளில் கலீனா, அதாவது ஈய சல்பைடு. கலீனா உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிளக்கும். கையில் எடுத்தாலே கனம் வியக்கவைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஈயத் தூளுக்கு இடமில்லை.

அறிகுறி: போன முறை நன்றாக வந்தது, இந்த முறை வரவில்லை

அதே மலை, அதே கல்வம், அதே கை; தூள் மட்டும் வேறு. கல் இயற்கைப் பொருள், பத்தடி தள்ளி எடுத்தால் வேறு கலவை. எனவே ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டுங்கள். என் அலமாரியில் நன்றாக வந்த ஒரு டப்பாவின் சீட்டு இப்படி இருக்கிறது: ‘காந்தக்கல், பட்டைப் பாறை. கீற்று கறுப்பு. காந்தப் பிரிப்பு 3 சுற்று, ரவைப் பதத்தில். கல்வத்தில் 5 மணி, ஈரம். 10 செ.மீ., 100 வினாடி, சாய்த்தது. நிழலில் 2 நாள். மயில்துத்தம்: செம்பு இல்லை.’ அதற்குப் பக்கத்து டப்பாவில் ‘கறுப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இன்று கோப்பையைக் கவிழ்த்து உரசிப் பார்க்க வேண்டும்.